துண்டு மறைத்த பேச்சு

இலோயிலோ
1993 செப்டம்பர் 12

அன்புள்ள தோத்தோ ஆர்செனியோ,

நானும் ஜெனலினும் சுகம். நீயும் அடிபடாமல் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். என் டெல்ஃபின் இறந்த நாற்பதாம் நாள் ஜெபம் நாலு நாள் முன்பு முடிந்தது. நீ வராதது வருத்தம்தான். ஆனால் கூடைப்பந்து ஆட்டம் நடக்கும் மாதத்தில், அணியை வைத்திருக்கும் பெயின்ட் கம்பெனிக்காரன் உன்னை விடுவானா? தோத்தோ தோத்தோ என்று அவர் சொந்தத் தம்பி போல வைத்திருந்தவன், குழந்தைக்கு ஞானத்தகப்பன் வேறு, எங்கே காணோம் என்று எல்லோரும் கேட்டார்கள். நான்தான் சமாளித்தேன்.

மாமியார் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்தக் கடைசி ஆட்டத்தைத் தெருமுனை சலூன் டிவியில் ஊரே பார்த்தது. நாலாவது கால்பகுதி தொடங்கும் முன் டெல்ஃபின் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து மறைத்துக்கொண்டு உன் காதில் ஏதோ சொன்னார். பிறகு எழுந்து போனார். ஐந்தாவது நிமிஷம் விழுந்தார். அப்போது என்ன சொன்னார்?

அத்தை சும்மா கேட்கவில்லை. உப்பைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருந்த பிள்ளைக்கு, அந்த வாரம்தான் ஒரு ஜாடி கினாமோஸ் அனுப்பினார். உப்பில் ஊறிய அந்த இறால்தான் மகனைக் கொன்றது என்று மனதில் ஊன்றிவிட்டது. "நெஞ்சு எரியுது, தாகமா இருக்குன்னு ஏதாவது சொன்னானான்னு கேளுடி. எனக்குத் தெரிஞ்சாகணும்" என்கிறார். ஒரு வரி எழுதிப் போடு.

மனாங் பெர்லிதா


மணிலா
1993 அக்டோபர் 5

அன்புள்ள மனாங்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாற்பதாம் நாளுக்கு வராததற்கு மன்னியுங்கள்.

மனோங் டெல்ஃபின் முக்கியமாக எதுவும் சொல்லவில்லை. ஆட்ட விஷயம்தான். கினாமோஸ் காரணமில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

என்னை இப்போது அவருடைய இடத்தில் ஆடவிடுகிறார்கள். மூன்று வருஷம் பெஞ்சைத் தேய்த்தவன், என்னை எல்லோரும் "டேய் ஸ்டெப்னி" என்றுதான் கூப்பிடுவார்கள், இப்போது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐவரில் ஒருவன். பந்தைக் கொண்டுபோவதும் நான், தூரத்திலிருந்து எறிவதும் நான். மனாங், அக்கா போன்ற உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? செத்த வீட்டிலிருந்து நேராக எங்கும் போகக்கூடாது, வழியில் ஒரு கடையில் நின்று ஏதாவது குடித்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆவி கூட வந்துவிடும் என்று நம்மில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று மணிலாவில் அவர் உடலை வைத்திருந்த மண்டபத்தில் பெட்டியருகே இருந்து எழுந்தவன், நேரமாகிவிட்டது என்று டாக்ஸி பிடித்து நேரே மைதானத்துக்குப் போய்விட்டேன். எங்கும் நிற்கவில்லை.

பந்து வேண்டுமென்றால் அவர் இரண்டு தடவை கை தட்டுவாரே, ஞாபகமிருக்கிறதா? இடது மூலையிலிருந்து அது கேட்கிறது. பன்னிரண்டாயிரம் பேர் கத்தும்போதும் கேட்கிறது. போன ஆட்டத்தில் மூன்று முறை அங்கே பந்தைப் போட்டேன். அங்கே யாரும் இல்லை. பந்து விளம்பரப் பலகையில் போய் முட்டியது.

உங்கள் தோத்தோ,
ஆர்செனியோ


இலோயிலோ
1993 நவம்பர் 3

அன்புள்ள தோத்தோ,

நேற்று கல்லறைத் திருநாள். குடும்பத்தோடு பகல் முழுக்க அங்கேயே சமைத்துச் சாப்பிட்டோம். ஜெனலின் அப்பாவின் கல்லறை மேல் ஏறி உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டினாள். யாரும் திட்டவில்லை.

அறிவிருக்கிறதா உனக்கு? ஒரு சோடா குடிக்க இரண்டு நிமிஷம் ஆகுமா? அவர் உன்னோடு வந்துவிட்டார் என்றால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மனைவி பிள்ளை இங்கே இருக்க, செத்த பிறகும் பந்துதான் பெரிது அந்த மனிதனுக்கு.

நீ எழுதியதை அத்தையிடம் சொன்னேன். "கினாமோஸ் இல்லேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் டாக்டரா?" என்றார். இப்போது உப்புப் போட்ட எதையும் அவர் வாயில் வைப்பதில்லை. கஞ்சியைக்கூட வெறுமனே குடிக்கிறார். "என் பிள்ளைக்கு ஆகாதது எனக்கெதுக்கு?" என்கிறார். ஆட்ட விஷயம் என்றால் என்ன விஷயம், அதையே எழுதேன்.

மனாங் பெர்லிதா


மணிலா
1996 மே 20

அன்புள்ள மனாங்,

கடிதம் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று. கோபிக்காதீர்கள். பெயின்ட் கம்பெனி என்னைச் சோப்புக் கம்பெனிக்குக் கொடுத்தது, சோப்புக் கம்பெனி ஒரே வருஷத்தில் மத்தி டின் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. எங்கே ஓட்டையோ அங்கே என்னை அடைக்கிறார்கள். பந்து கொண்டுபோகிறவனுக்குக் கணுக்கால் சுளுக்கா, கூப்பிடு ஆர்செனியோவை. எறிகிறவனுக்குப் பந்து கூடையில் விழவில்லையா, ஆர்செனியோ. உயரமானவர்கள் தப்பாட்டம் ஆடி வெளியே போய்விட்டார்களா, கூடைக்கு அடியில் போய் நில்லடா ஆர்செனியோ. ஐந்தடி பதினொன்று நான். என்னைவிட ஒரு முழம் உயரமான அமெரிக்கக்காரனை முதுகால் முட்டி நிறுத்துகிறேன். மூக்கு இரண்டு தடவை உடைந்தது. சுண்டுவிரல் இனி மடங்காது.

எந்த இடத்திலும் ஆடுவான், எவனுக்கும் பயப்படமாட்டான் என்று பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். எல்லோரும் வெட்டி வைப்பார்கள். நான் கிழித்துப் போட்டேன்.

அவர் இன்னும் வருகிறார். கம்பெனி மாறினாலும் கூடவே வருகிறார். நான் அவர் இடத்தில் நின்று எறியும்போது சத்தம் வருவதில்லை. வேறு இடத்துக்கு நகர்ந்தால்தான் தட்டுகிறார். இப்போதெல்லாம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை, பந்தும் போடுவதில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் ஒரு தடவை தட்டினார், மனாங். அப்போது பந்துகூடக் கையில் இல்லை.

ஜெனலினுக்கு முதல் நன்மைக்கு வெள்ளைக் கவுன் அனுப்பியிருக்கிறேன். நீளம் அதிகமென்றால் மடித்துத் தையுங்கள்.

உங்கள் தோத்தோ,
ஆர்செனியோ


இலோயிலோ
1996 ஜூன் 9

தோத்தோ,

கவுன் சரியாக இருக்கிறது. உன் பேத்தல்களைப் படித்து நான் தூங்கவில்லை.

மூன்று பக்கம் எழுதுகிறாய், கேட்டதற்குப் பதில் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்கிறாய். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. கால் வீங்குகிறது. "ஆர்செனியோ எழுதினானா?" என்று தபால்காரன் வரும்போதெல்லாம் கேட்கிறார். சரி, நீ மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

பெர்லிதா


மணிலா
1999 நவம்பர் 28

பெர்லிதா,

போன வாரம் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். முட்டியில் எலும்பும் எலும்பும் உரசுகிறது. ஒன்பது வருஷம், நாலு கம்பெனி. வழியனுப்பு விழாவில் மேடையில் கோச் சொன்னார்: "இவனை எங்கே போய் ஆடுன்னாலும் ஒரு தடவை மாட்டேன்னு சொன்னதில்ல." எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. இலோயிலோவுக்கே வந்துவிடலாம் என்றிருக்கிறேன். உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். இந்த வருஷங்களில் எனக்கு வந்த கடிதங்களில் பிரித்துப் படித்தவை உங்களுடையவை மட்டும்தான். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். ஜெனலினையும் கேளுங்கள். அவசரமில்லை.

ஆர்செனியோ


இலோயிலோ
2000 ஜனவரி 17

ஆர்செனியோ,

மனாங் என்று கூப்பிடாமல் நீ எழுதிய முதல் கடிதம். முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது எனக்கு. நான் ஒன்றும் குழந்தை இல்லை.

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. அத்தை மூன்று ராஜாக்கள் திருநாளன்று காலமானார். கடைசி வாரம் நினைவு தப்பித் தப்பி வந்தது. வரும்போதெல்லாம் ஒரே பேச்சு: "அந்த ஜாடியை நான் அனுப்பியிருக்கக் கூடாது." பாதிரியாரிடமும் அதையே பாவசங்கீர்த்தனம் செய்தார். அவர் மன்னிப்பு கொடுத்தார், என்ன செய்வார் பாவம்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஜெனலின் "மாமா வந்தா எனக்குப் பந்து எறியச் சொல்லிக் குடுப்பாரா?" என்றாள். ஊர் நாலு பேசும், பேசட்டும். எனக்கு முப்பத்தெட்டு வயது, தனியாகச் சாப்பிட்டுச் சலித்துவிட்டது. சரி என்று சொல்லத்தான் மனம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. இனி அத்தைக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்கிறேன். என் வீட்டுக்குள் வருகிறவன் இதைச் சொல்லிவிட்டு வரட்டும். துண்டை வைத்துக்கொண்டு அவர் என்ன சொன்னார்? பதிலைப் படித்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

பெர்லிதா


மணிலா
2000 பிப்ரவரி 2

பெர்லிதா,

அத்தை போய்விட்டார் என்று படித்தேன். பத்து தடவை எழுதிக் கிழித்தேன். இதை நாளைக் காலையில் தபாலில் போட்டுவிடுவேன்.

ஆட்டக்காரன் எவனும் தன் வாயால் "என்னை எடுத்துவிடுங்கள்" என்று கோச்சிடம் கேட்கமாட்டான். கேட்டால் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவன்தான், "கோச், நான் கொஞ்ச நேரம் போறேன், அவர் மூச்சு வாங்கட்டும்" என்று அவனுக்காகக் கேட்க வேண்டும். எல்லா அணியிலும் அப்படித்தான். மனோங் டெல்ஃபினுக்காக நானே அப்படி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

அன்று எதிரணி அமெரிக்கக்காரன் இரண்டாவது கால்பகுதியில் நம் பையன் ஒருவனின் தாடையை முழங்கையால் உடைத்திருந்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ரத்தத்தைத் துடைத்தவன் நான். அதன் பிறகு அந்த அமெரிக்கக்காரனை மறித்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் மனோங். அவர் வெளியே வந்தால் போக வேண்டியவன் நான். பெஞ்சில் வேறு ஆள் இல்லை.

துண்டை வைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "டேய், நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குடா. இடது கை மரத்துப் போச்சு. கோச்சுக்கிட்ட நீ சொல்லு."

கோச் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "என்னடா, அவன் வெளுத்துப் போயிருக்கான்? நீ போறியா?" என்றார்.

நான், "இல்ல கோச், அவர் நல்லாத்தான் இருக்கார்" என்றேன்.

மனோங் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. என் முட்டியில் ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்து போனார். அவருக்குப் புரிந்துவிட்டது.

பயந்துவிட்டேன், பெர்லிதா. வேறொன்றும் இல்லை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, அந்த முழங்கை என் முகத்தில் விழும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு யாரைப் பிடிக்கச் சொன்னாலும், எங்கே நிற்கச் சொன்னாலும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலகம் அதைத் திறமை என்றது.

இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் அத்தை நிம்மதியாகச் சோறு சாப்பிட்டிருப்பார். எழுதியிருந்தால் உங்கள் கடிதங்கள் நின்றுபோயிருக்கும். அதனால்தான் எழுதவில்லை.

நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆர்செனியோ


இலோயிலோ
2000 மார்ச் 1

ஆர்செனியோ,

பயந்ததற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. இருபத்துநாலு வயதில் யார்தான் பயப்படமாட்டார்கள். அன்றே வந்து என்னிடம் சொல்லியிருந்தால் உன்னை இரண்டு அறை அறைந்திருப்பேன், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். அதோடு முடிந்திருக்கும்.

அத்தை ஆறரை வருஷம் உப்பில்லாமல் சாப்பிட்டார். தட்டை அவர் முன்னால் வைத்தவள் நான். அதை நீ எனக்குச் செய்துவிட்டாய். அவரைப் பார்த்து, "உங்க தப்பு இல்ல" என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

கல்யாணப் பேச்சு வேண்டாம். இங்கே வராதே. ஜெனலின் பெரியவளாகி உன்னோடு பேச விரும்பினால் அது அவள் இஷ்டம். நான் தடுக்கமாட்டேன், சொல்லியும் கொடுக்கமாட்டேன்.

நேற்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அத்தையின் கல்லறைக்குப் போனேன். முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். அவருக்குக் காது மந்தம், உனக்குத் தெரியுமே. அதனால் சத்தமாக, இரண்டு தடவை வாசித்தேன். பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

பெர்லிதா