விலையில்லா இயங்குதளமும் முத்திரையிட்ட அலுமாரியும்

அனுப்புநர்:
த. சுதர்ஷினி,
தொண்டர் ஆசிரியை, கணினி நிலையம்,
பென்கிரேக் தோட்டம், மேற்பிரிவு,
தலவாக்கலை.

பெறுநர்:
பணிப்பாளர்,
மலைத்தென்றல் கல்வி நிதியம்,
ஹட்டன்.

விடயம்: பூட்டி முத்திரையிடப்பட்ட எமது கணினியை இயக்க அனுமதி கோரல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நிதியம் அன்பளித்த பன்னிரண்டு கணினிகளுக்கும் எமது நிலையத்தில் ஒரே இணைய இணைப்புதான் உண்டு. கடந்த மே மாதம் எமது மாணவி லோஜினி தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருவர் கிரிக்கெட் பார்த்தார்கள். படிவம் மூன்று முறை பாதியில் நின்று வெறுமையானது. "நா கொழுந்தெடுக்கவே போறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

2. ஆகவே ஒரு பதிலி சேவையகம் அமைக்க முடிவுசெய்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் தோட்டத் தொழிலாளர்களை நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்தனுப்புவதைப் போன்றது அது. எல்லாக் கணினிகளும் ஒரு கணினியிடம் கேட்டுத்தான் இணையத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பம் போகும், கிரிக்கெட் போகாது. இவ்வேலைக்கு நான் புதியவள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

3. அதற்காகப் பழைய கணினி ஒன்றை ஒதுக்கினேன். விலைக்கு வாங்கும் இயங்குதளம் அந்தக் கணினியைவிட விலை கூட என்று கடைக்காரர் நூர்தீன் நானா எச்சரித்தார். எனவே இலவச லினக்ஸ் வகைகளில் அழகான ஒன்றை முதலில் போட்டுப் பார்த்தேன். அது விழித்தெழுவதற்குள் நான் பிளேன்டீ குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டேன். பிறகு டெபியன் என்ற இன்னொரு வகையை, படங்கள் எதுவுமில்லாமல் வெறும் எழுத்துத் திரையோடு நிறுவினேன். உடனே எழுந்தது. கறுப்புத் திரையைக் கண்ட நிலையத் தலைவர் திரு. இராமையா, "சும்மா கெடைக்கிறது இப்பிடித்தாங்க இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் கூறினார்.

4. இதை இயக்க அனுமதி கேட்டு முறைப்படி தங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். அந்த இலவச இயங்குதளத்துக்கு மூன்று கடைகளின் விலைமனு கேட்டார்கள். "பூச்சியம்னு எழுதி சீல் குத்துனா என்னைய பைத்தியக்காரன்னுவாங்க டீச்சர்" என்று நூர்தீன் நானா மறுத்துவிட்டார். அடுத்த கடிதத்தில், பதிலி என்பதை ஓர் ஆள் என்று எண்ணி, பதிலியின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார்கள். சேவையகத்துக்கான மென்பொருளின் பெயர் ஸ்குவிட்; ஆங்கிலத்தில் அது கணவாய்க்கும் பெயர். அதைச் சிவப்பு மையால் வெட்டி, "கணவாய் போன்ற உணவுப் பொருட்களுக்கு அனுமதியில்லை" எனக் குறித்திருந்தார்கள்.

5. அனுமதி வருமுன் சேவையகத்தை இயக்கியது என் தவறுதான். ஆனால் லோஜினியை வீட்டுக்குப் போய் அழைத்துவந்தேன். விண்ணப்பம் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது.

6. சென்ற செவ்வாய்க்கிழமை வந்த தங்கள் பரிசோதகர், கொள்வனவு விலை இல்லாத இயங்குதளத்தைப் பதிவேட்டில் ஏற்ற முடியாதென்று கூறி, அக்கணினியை எமது அலுமாரியிலேயே வைத்துப் பூட்டி, அரக்கு முத்திரையிட்டார். அன்று மாலையே கிரிக்கெட் திரும்பிவிட்டது. கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் இம்மாதம் 26ஆம் திகதி. பத்தொன்பது பிள்ளைகள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

7. எனவே அக்கணினியை விடுவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முத்திரையை உடைப்பது விதிகளுக்கு முரண் என்றால், அலுமாரியின் பின்பலகையில் மின்சாரத்துக்கும் இணையத்துக்குமான இரண்டு வயர்கள் நுழையும் அளவுக்கு ஒரு துளையிட மட்டும் அனுமதி தாருங்கள். சேவையகத்துக்குத் திரையும் வேண்டாம், பக்கத்தில் ஆளும் வேண்டாம். மின்சாரம் வந்ததும் தானாக எழுந்து, அது உள்ளே இருந்தபடியே வேலை செய்யும். தங்கள் முத்திரையில் ஒரு கீறலும் விழாது.

26ஆம் திகதியை எண்ணிக்கொண்டிருக்கும்,

(ஒப்பம்)
த. சுதர்ஷினி

இடம்: தலவாக்கலை
திகதி: 2025.09.15