தோட்டத்து முட்டை

கெண்ட், மார்ச் 9

யோரிஸுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். குடிமாறிப் போன மலைக் கிராமத்தில் நீ சௌக்கியமாக இருப்பாய். இங்கே அப்படியில்லை.

மூன்றாம் மாடி ஃபதீலாவின் மகள் இனாஸின் இரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறதாம். இரண்டரை வயதுக் குழந்தை! வீட்டுக் குழாய், சுவர்ப் பெயிண்ட் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், "முட்டை எங்க வாங்குறீங்க?" என்று கேட்டாராம். "வாங்குறதா? எங்க தோட்டத்துக் கோழி போடுது, ஹில்டாக்கா தினம் கொண்டாந்து தர்றாங்க" என்று இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். உடனே முட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நேற்று, நீ தொடங்கிவைத்த அந்தத் தோட்டத்தின் கொட்டகையில் உன் அலமாரியைக் கிளறினேன். விதைப் பொட்டலங்களுக்கு அடியில் மண் பரிசோதனைக் கடிதம். பழைய பெயிண்ட் ஆலை நின்ற இடம், மண்ணில் ஈயம் இருக்கிறது, தரையில் பயிர் வேண்டாம், கோழி கூடவே கூடாது என்று எழுதியிருக்கிறது. தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது. அந்த வாரம்தான், "கைய விட்டுப் பாருங்கக்கா, தங்கம் மாதிரி மண்ணு" என்றாய். பாவி!

ஏன் மறைத்தாய் என்று தெரியும். சொல்லியிருந்தால் நகராட்சி வேலி போட்டுப் பூட்டியிருக்கும். பன்னிரண்டு வருடம் ஒரே லிஃப்டில் போய்வந்தும் ஃபதீலாவின் பெயர் எனக்குத் தெரியாது. அந்தத் தோட்டத்தில்தான் தெரிந்தது. அவளைக் கண்டாலே கதவைச் சாத்தும் கிழவர் ரோஜர், அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "சக்கரை பத்தல" என்றார். "நாளைக்கு நீங்க போடுங்க, நான் குறை சொல்றேன்" என்றாள். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. ஆனால் அதற்கு ஒரு குழந்தையைப் பணயம் வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? மரப்பெட்டி செய்து வெளிமண் கொட்டியிருந்தால் ஒரு வருடம் தாமதமாகியிருக்கும். அவ்வளவுதானே!

அந்தக் கடிதத்தைத் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். "என்னடா வந்திருக்கு?" என்றேன். "எல்லாம் சரியா இருக்குக்கா" என்றாய். காட்டு என்று கேட்கவில்லை. எனக்கும் தோட்டம் வேண்டியிருந்தது.

ஃபதீலாவுக்குக் கடிதம் பற்றித் தெரியாது. "நீங்க என்னக்கா செய்வீங்க?" என்று என்னைத் தேற்றுகிறாள். இன்று காலை இனாஸ் தன் சின்னக் கூடையோடு படியில் நின்றாள். கோழிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பொய் எனக்கும் நன்றாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, கடிதத்தோடு அவள் கதவைத் தட்டப்போகிறேன். என் பங்கை நான் சொல்வேன். உன் பங்கை நீ வந்து சொல். தனியாக நிற்க எனக்குத் தைரியமில்லை, யோரிஸ். வந்துவிடு.

ஹில்டா