நம்ம ஆள் வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குக் கொண்டு போகிறார்களாம். ஜூன் முதல் எங்களுக்கெல்லாம் அங்கேதான் வேலை. காலை ஷிப்டுக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. "வண்டி இருக்கறவங்க வரலாம், இல்லாதவங்க யோசிச்சு சொல்லுங்க" என்றார் சூப்பர்வைசர். வண்டி இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் இவர் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் வண்டியைத் துடைத்துவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

ஆக, நான்தான் பழக வேண்டும், இந்த வயதில். இந்த வேலை போனால் இன்னொன்று கிடைப்பது குதிரைக் கொம்பு.

மார்ச் 8, சனி

டிரைவிங் ஸ்கூலில் இருந்து வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அப்படி ஓர் உருவம். கையெல்லாம் பச்சை குத்தல். எந்த நாடோ, எந்த சாமியோ. கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசினேன். பிழைக்க வந்த இந்த நாட்டு பாஷை அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்றாக வேண்டும், ஆகவில்லை.

இந்த ஆளோடு தனியாக எப்படிப் போவது? வீட்டுக்காரரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டேன். "மெதுவா விடு! காலை எடு! எடுங்கறேன்ல!" என்று பின்னாலிருந்து இவர் கத்த, முன்னால் நான் பதிலுக்குக் கத்த, மலை தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இனி அவர் மலைதான். பெயர் வாயில் நுழையவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஸ்கூலுக்கு போன் போட்டேன். "நம்ம ஆள் யாராவது இருந்தா அனுப்புங்க." எடுத்த பெண், "நம்ம ஆள்னா யாரு?" என்றாள். அவள் இன்னொரு நாட்டுக்காரி. "எங்க பாஷை பேசறவங்க" என்றேன்.

பாஷைக்காகத்தான் கேட்டேன், வேறொன்றுமில்லை. வேறொன்றுமில்லை என்று யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 15, சனி

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது! நம்மவர் வந்தார். "வாங்க தங்கச்சி, பயப்படாதீங்க, அண்ணன் இருக்கேன்" என்றார். காதில் தேன் பாய்ந்தது. வீட்டுக்காரரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். சாவியைத் திருப்புவதற்குள், அப்பா என்ன வேலை பார்த்தார், இவருக்கு எந்தக் கண், மகளுக்கு என்ன வயது, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார். கடைசிக் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியாது.

மார்ச் 29, சனி

இன்று காய்கறிக் கடை வரை ஓட்டினேன். "இப்படி ஓரமா நிறுத்துங்க தங்கச்சி, இதோ ஒரு நிமிஷம்" என்று இறங்கிப் போனவர் இரண்டு பையோடு வந்தார். அங்கிருந்து டெய்லர் கடை, பிறகு அவர் மச்சினர் வீடு. "நமக்குள்ள என்ன" என்கிறார்.

சரிதான். நமக்குள் என்ன?

ஏப்ரல் 12, சனி

நம்மவருடைய மனைவியை வேலையிலிருந்து கூட்டிவந்தோம். அந்த அம்மாவும் பின் சீட்டில் உட்கார்ந்து மகளின் கல்யாணத்தைப் பற்றியே கேட்டார். பாடத்துக்குக் கட்டிய காசு என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது, ஊர்வலம் அவர்களுடையது. ரிவர்ஸ் எப்போ சொல்லித் தருவீங்க அண்ணே என்றேன். "முன்னால போறதுதான் வாழ்க்கை" என்கிறார். நல்ல தத்துவம்.

ஏப்ரல் 24, வியாழன்

ஃபெயில்.

எழுதவே கூசுகிறது. பரீட்சை எடுத்த அதிகாரி, "அந்தக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்" என்றார். நிறுத்தினேன். ரோட்டை அடைத்துக்கொண்டு, நான்கு விளக்கும் மின்ன, இன்ஜினை அணைக்காமல் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு அவர் இறங்குவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். பின்னால் ஒரே ஹாரன். "என்ன செய்கிறீர்கள்?" என்றார். "நீங்க போயிட்டு வாங்க, நான் நிக்கறேன்" என்றேன்.

கடவுளே. ஆறு வாரமா நான் என்னத்தப் படிச்சேன்? அந்த அண்ணனுக்கு டிரைவர் வேலை பாக்கத்தான் படிச்சிருக்கேன்!

ஏப்ரல் 25, வெள்ளி

நம்மவர் போனில் ஆறுதல் சொன்னார். "அந்த ஆபீசருக்கு நம்ம ஆளுங்களைக் கண்டாலே ஆகாது தங்கச்சி." மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது! வேலையிடத்தில் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன், கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். மகளிடம்தான் எடுபடவில்லை. "நடு ரோட்டுல வண்டிய நிறுத்தினா எந்த நாட்டுக்காரனும் ஃபெயில்தாம்மா போடுவான்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். அடுத்த பரீட்சை மே கடைசியில். அதிலும் கோட்டை விட்டால் ஜூனில் வீட்டோடுதான்.

ஏப்ரல் 26, சனி

வெட்கத்தை விட்டு ஸ்கூலுக்கு போன் போட்டேன். "முதல்ல வந்தாரே, பெரிய உருவம், அவரையே அனுப்ப முடியுமா?"

அந்தப் பெண் சிரித்தாள். "அவர்கிட்ட கேக்கணும். அன்னைக்கு நீங்க மாத்தச் சொல்லி போன் பண்ண அதே காலைல அவரும் வந்து நின்னாரு. உங்க ஆளுங்க வேணாம், வேற யாரையாவது குடுங்கன்னாரு."

என்னையா? என்னையா வேண்டாம் என்றார்? எனக்கு என்ன குறை? நான் வாசலில் வைத்துப் பேசினேன், சரி. சங்கிலியைக் கழற்றவில்லை, சரி. அதுக்காக ஒரு மனுஷியப் பாத்து இன்ன ஆளுன்னு முத்திரை குத்தறதா? ஆள் எப்படின்னு பாக்க வேணாமா? சாப்பிடப் பிடிக்கவில்லை. இவர் மட்டும் இரண்டு தட்டும் காலி செய்துவிட்டு, "நீ செஞ்சததானே அவரும் செஞ்சாரு" என்றார். கண்ணைத்தான் ஆபரேஷன் செய்தார்கள், வாயை அப்படியே விட்டுவிட்டார்கள்.

மே 3, சனி

மலை வந்தார். நானே கதவை முழுதாகத் திறந்து வைத்திருந்தேன். இருவரும் வண்டியில் ஏறினோம். சாவியைத் திருப்புமுன் நானே கேட்டுவிட்டேன், ஏன் எங்கள் ஆட்கள் வேண்டாம் என்று. அரைகுறை பாஷையில் சொன்னார்: "உங்க ஆளுங்க ஒருத்தர் படிக்க வந்தா பின்னால குடும்பமே வரும். எல்லாரும் சொல்லித் தருவாங்க. நான் எதுக்கு?"

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. "நீங்க ஏன் வேண்டாம்னீங்க?" என்று திருப்பிக் கேட்டார். அவர் கையைக் காட்டினேன், பச்சை குத்தலை. அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். எல்லாம் பூக்கள். நடுவில் அவருடைய அம்மாவாம், பார்க்க மீசை வைத்த மாதிரி இருக்கிறார். குத்தினவன் சரியில்லை என்று அவரே வருத்தப்பட்டார்.

இன்றைக்கே ரிவர்ஸ்.

மே 13, செவ்வாய்

வேலை முடிந்து வந்து பழகினேன். தப்பு செய்வதற்கு முன்னால் நான் 'ஐயையோ' என்கிறேனாம். இப்போது மலையே எனக்கு முன்னால் 'ஐயையோ' சொல்லிவிடுகிறார், சுத்தமான உச்சரிப்பில்.

மே 29, வியாழன்

பாஸ்! பாஸ்! அதே அதிகாரிதான். கடைப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். இரண்டு வண்டிக்கு நடுவில் பின்பக்கமாகப் போய்ச் சொருகினேன். மலை வெளியே நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவருக்கும்தான், ஆனால் ஆபரேஷன் மேல் பழி போடுகிறார்.

நம்மவர் ஊரெல்லாம் தான் பழக்கிய பெண் பாஸ் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஜூன் 5, வியாழன்

புது இடத்துக்கு நான்கு நாளாக நானே ஓட்டிப் போகிறேன். சாயங்காலம் மலையின் போன். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சமையலறையில் வேலையாம். அதுவும் அங்கேதான் மாறுகிறது, திங்கள் முதல். காலையில் ஏற்றிக்கொள்ள முடியுமா?

"தாராளமா" என்றேன். அவர் இழுத்தார். "ஆனா அவ... எங்க ஆளுங்க வண்டி ஏதாவது கிடைக்குமான்னு கேட்டா. உங்க ஆளுங்கன்னா கொஞ்சம் யோசிக்கிறா."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஜூன் 9, திங்கள்

மலையில் பாதிகூட இல்லை அந்தப் பெண். டாக்ஸியில் ஏறுவது போலப் பின் சீட்டில் ஏறி, கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டாள். "புழுக்கமா இருக்கா?" என்றேன். தலையை ஆட்டினாள், ஆமா என்றா இல்லை என்றா தெரியவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஜூன் 11, புதன்

மழை. கண்ணாடியை ஏற்றினாள். அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி

பின் கதவைத் திறந்தவள் என்ன நினைத்தாளோ, மூடிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். உலகம் முழுக்க இந்தக் கேள்விதானா?

ஜூன் 17, செவ்வாய்

இன்று பாதி வழியில் அவள் பேச்சு நின்றுவிட்டது. நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, தலை என் பக்கம் சாய்ந்து, நல்ல தூக்கம். நான் ஓட்டும் வண்டியில் பெற்ற மகளே இதுவரை கண்ணை மூடியதில்லை. இவர் கைப்பிடியை விட்டதில்லை.

ரேடியோவை அணைத்தேன். வேகத்தடையில் ஆமை மாதிரி ஏறி இறங்கினேன். பின்னால் வந்தவன் விடாமல் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.