ஹெட்போன் தகடும் சனி மாலை ஆறு மணியும்

1938 நவம்பர் 8, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. வாவித் தண்ணீர் வேலியடி வரை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. வந்த பாதிக்கும் பின்னக் கணக்கு ஏறவில்லை. இரண்டு பேருக்கு அடி. பிறகு கை வலி.

ஆசிரியர் அறைப் பத்திரிகையில் கொழும்பு வானொலி நிகழ்ச்சி நிரல். சனி மாலை ஆறு மணி, கால் மணி நேரம், தமிழ்ப் பாட்டு. பாடுகிறவரின் பெயர் அச்சில். என் மூத்த மகள். பக்கத்தில் வயலின்காரன் பெயர். ஆனி மாதம் அவனோடுதான் போனாள். ஐந்து மாதம். அவள் பெயரை இந்த வீட்டில் எவரும் எடுக்கக் கூடாது என்று சொன்னவன் நான். ஆகவே இங்கேயும் ப. மட்டும்.

தாளைக் கிழித்து மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்தேன். மனைவிக்குத் தெரிய வேண்டாம். அழுவாள்.

கேட்கப் போவதில்லை. ஆனால் வயர்லெஸ்ஸின் ஹெட்போன் பல நாளாக மோசம். செய்தி வாசிப்பவர் தலையணைக்குள் முகம் வைத்து வாசிப்பது போல் இருக்கிறது. அதை எப்படியும் திருத்த வேண்டியதுதான். அதற்கும் சனிக்கிழமைக்கும் சம்பந்தம் இல்லை.

நவம்பர் 9, புதன்

மழை விட்டு விட்டு.

மூடியைக் கழற்றினேன். வலது காது: தகட்டில் துரு, ஓரம் நெளிவு. இடது காது: அதைவிடக் கேவலம். உள்ளே ஒரு சிற்றெறும்பு, செத்தது. காந்தம் இரண்டும் நல்லது, ஊசியை இழுக்கிறது. இந்த உப்புக் காற்றில் எந்த இரும்பும் ஒரு மாரிக்கு மேல் தாங்காது. விற்றவன் சொன்னானா? சொல்லவில்லை.

வேலை இதுதான். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. அதைத் தருவது ஒரு கடுதாசி வளையம். வளையம் தடித்தால் குரல் தூரப் போய்விடும். மெலிந்தால் தகடு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், சத்தமே இல்லை. ஆறு வளையம் வெட்டினேன். ஆறும் பிழை. ஆறாவதைக் கசக்கி எறிந்தேன்.

பின்னேரம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், கோயில் நிருவாகம் பார்க்கிற வண்ணக்கர். உன்னிச்சை வயல் வட்டையில் விதைப்பு முடித்த கையோடு சேற்றுக் காலுடன் உள்ளே.

“என்ன மச்சான், மீன் பாடுறது கேக்குதோ?”

எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள்; ஹெட்போனைப் பார்த்து அந்த நக்கல். விஷயத்துக்கு வந்தார். சின்னவளுக்குப் பேசுகிற மாப்பிள்ளை வீட்டார், இந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதி வீட்டெழுத்துக் கேட்கிறார்களாம்.

“சனிக்கிழம பின்னேரம் நொத்தாரிசுக்கிட்ட பத்திரக் கடுதாசி வாங்கி நானே கொண்டு வாறன். நீங்களும் தங்கச்சியும் கையெழுத்துப் போட்டாச் சரி.”

“இது மூத்தவட வீடு” என்றேன்.

“ஓடிப் போனவளுக்கு வீடு என்னத்துக்கு? நீங்கதானே செத்துப் போனாள் எண்டீங்க.”

ஓம், நான்தான் சொன்னேன். எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு மூத்த பெண்ணுக்கு. மாமியார் இந்த வீட்டை என் மனைவிக்குத் தந்துவிட்டுப் பின்வளவுக் குடிலுக்குப் போனார். பவளம் (பெயர் வந்துவிட்டது, வெட்டவில்லை) கலியாணம் கட்டுகிற அன்று நாங்களும் அந்தக் குடிலுக்குப் போக வேண்டியவர்கள். கிழக்கு அறைக்கு அவளுக்காக நானே சுவர் எழுப்பினேன். அதெல்லாம் மச்சானுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் என் வாய்ச்சொல்லை என் மேலேயே எறிகிறார்.

“ஓம், வாங்க” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

நவம்பர் 10, வியாழன்

தூறல். பற்றரி சார்ஜ் பண்ணக் கொடுத்தது, நனைந்துகொண்டு போய் எடுத்து வந்தேன்.

பழைய தகடுகள் குப்பை. சிகரெட் தகர ரின் மூடியில் புதிதாக இரண்டு வெட்டினேன். அரத்தால் ஓரம். கண்ணாடி மேல் வைத்துத் தட்டி மட்டம். துருப் பிடிக்காமல் இருக்கக் கறுப்பு வார்னிஷ், மெல்லிசாக. வளையத்துக்குப் பள்ளிக்கூடச் சோதனைத் தாள் உதவாது, மெல்லிய பட்டக் கடுதாசிதான் சரி. பெருவிரலில் வெட்டு.

நாலரை மணிக்கு மாட்டிக் கேட்டேன். செய்தி வாசிப்பவர் தாள் புரட்டுகிற சரசரப்புக் கூடக் கேட்டது. எச்சில் விழுங்குகிறார். அவருக்குத் தடிமன், மூக்கடைப்பு.

இரண்டு நிமிடம் சந்தோஷம். பிறகு பழையபடி கோபம். ஒரு தகட்டுக்கு இத்தனை பொறுமை இருக்கிற மனிதனுக்கு, அன்றைக்கு அவள் முன்னால் வந்து நின்று, “அப்பா, ஒரு விஷயம் சொல்லோணும்” என்றபோது எங்கே போனது? முழுதும் கேட்டேனா? வேலிப் படலையைக் காட்டினேன், வெளியே போ என்று.

அவளும் உடனே போக வேண்டுமா. ஒரு நாள் நின்றிருக்கலாம். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

தகடுகளைக் கழற்றி, இரண்டாம் பூச்சுப் பூசி, யன்னல் திண்டில் காய வைத்தேன்.

நவம்பர் 11, வெள்ளி

என் தலையெழுத்து.

பள்ளிக்கூடத்தால் மூன்று மணிக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை, விளக்கு மினுக்குகிற நாள். கிணற்றடியில் குத்துவிளக்கு, தட்டம், செம்பு, எல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெயிலில் வரிசையாக. வரிசையின் கடைசியில் என் தகடுகள் இரண்டும். வெள்ளி மாதிரிப் பளபளப்பு. வார்னிஷ் ஒரு பொட்டு இல்லை. ஒன்று நடுவில் குழிந்து கிடக்கிறது. மற்றதில் புளி பட்ட இடமெல்லாம் இப்போதே செம்மஞ்சள்.

கத்தினேன். அயலெல்லாம் கேட்டிருக்கும். மண்டையில் மூளையா, தேங்காய்ப் பாலா என்று கேட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தேய்த்தது மனைவி. கையில் சாம்பலோடு நின்றாள்.

“தகட்டில கறுப்புப் பிடிச்சிக் கிடந்திச்சி. அதாலதான் குரல் மங்கிக் கேக்குது எண்டு நினைச்சன்.”

“ஆர்ர குரல்?”

“பிள்ளட குரல்தான். நாளைக்கு ஆறு மணிக்கு.”

சின்னவள் தாளைக் கண்டு செவ்வாயே தாயிடம் சொல்லிவிட்டாளாம். நான் புத்தகத்துக்குள் ஒளித்ததும் தெரியுமாம். நாலு நாள். என் முன்னால் ஒரு சொல் இல்லை. நான் கேட்க விட மாட்டேன் என்று பயம். இத்தனை வருஷம் ஒரு வீட்டில் இருந்து, நான் இவளுக்கு அப்படிப்பட்டவன்.

அதற்கும் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

நவம்பர் 12, சனி

மழை இல்லை. கடும் புழுக்கம்.

காலையிலிருந்து தகடு. இன்னொரு ரின் மூடி. முதல் இரண்டு வெட்டும் வீண். மூன்றாவதும் நான்காவதும் தேறின. வார்னிஷ் காய நேரம் இல்லை. துருப் பிடித்தால் பிடிக்கட்டும். மத்தியானம் சாப்பிடவில்லை. ஐந்தரைக்கு மாட்டினேன். வியாழக்கிழமையை விடத் திறம்.

மச்சான் இன்னும் வரவில்லை.

ஆறு மணி. அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். பாட்டுத் தொடங்கியது. அவள்தான். மூச்சு எடுப்பது கேட்கிறது. குரலில் அழுகை இருக்கும் என்று ஐந்து மாதமாக நினைத்திருந்தேன். இல்லை. நிம்மதியாகப் பாடுகிறாள். நான் இல்லாமலே நன்றாக இருக்கிறாள். காது இரண்டும் சுட்டது.

நிமிர்ந்து பார்த்தால் மனைவி என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், என் முகத்திலிருந்து பாட்டைக் கேட்கிறவள் போல. ஒரு காதைத் திருப்பிக் கொடுத்தேன். கம்பி போதவில்லை. தலை இரண்டும் முட்டியது.

“குடத்துக்குள்ள குனிஞ்சி பேசினா எவ்வளவு சத்தமாக் கேக்கும்? அதுக்குள்ள இறக்கிப் பாருங்க” என்றாள் இவள்.

குடம். கணக்கு வாத்தியாருக்கே பாடமா? வாய் வரை வந்தது, நேரம் போகிறதே என்று அடக்கினேன். நேற்று மினுக்கிய பித்தளைக் குடத்துக்குள் ஹெட்போனை மெல்ல இறக்கினேன். குடத்துக்குள்ளிருந்து எழும்பி அறை முழுக்க வந்தது குரல். சின்னவள் அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். மூன்று பேரும் நிலத்தில், குடத்தைச் சுற்றி.

இரண்டாவது பாட்டின் நடுவில் படலை திறந்த சத்தம். மச்சான். கையில் சுருட்டிய கடுதாசி. யாரும் எழும்பவில்லை. வாசலிலேயே நின்றார். தலையைச் சரித்துக் கேட்டார்.

“ஆர் இது பாடுறது?”

அவருக்குத் தெரியும். தூக்கி வளர்த்த மாமன், அந்தக் குரல் தெரியாதா? என் வாயால் வர வேண்டும் என்று கேட்கிறார். நான் குனிந்து ஹெட்போன் கம்பியைச் சரிசெய்தேன்.

இவள் குடத்திலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்:

“இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி. பாடி முடியட்டும், அண்ணன். இருங்க.”

மச்சான் இருக்கவில்லை. கடுதாசியையும் விரிக்கவில்லை. போய்விட்டார்.

அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. என் மேல்தான். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லையே.