இரண்டும் வெள்ளை

24.3.2008, திங்கள்

கணக்குப் பரீட்சை சுலபம்! குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் தம்பி ஆண்டிக்கு உடம்பு கொதிக்கிறது. மூன்று வயது. காய்ச்சலிலும், “அக்கா, மிட்டாய்” என்று என் பையை இழுத்தான். ராத்திரி வியர்த்துக் காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மா தூங்கிவிட்டாள். நான் எழுதுவது தெரிந்தால் மண்ணெண்ணெய் வீண் என்று திட்டுவாள்.

26.3, புதன்

நேற்று முழுக்க ஆடினான். இன்று மறுபடியும் காய்ச்சல், பல் கிட்டிக்கிற மாதிரி நடுக்கம். கழுத்தில் பொரிப்பொரியாய் இருக்கிறது. வேர்க்குரு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அம்மா பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். “மாரியாத்தா இறங்கியிருக்கா.” வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. இனி தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, மருந்தும் கூடாது. அய்யாவும் மிளகாய் பறிக்கச் சிக்கல் ஊருக்குப் போயிருக்கிறார். யாரிடம் சொல்ல?

27.3

அலியார் அண்ணன் வந்தார். வாராவாரம் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு பார்க்க வருகிற மலேரியாக்காரர். இன்று அவர் பையில் புதுசாக ஒன்று! சின்ன வெள்ளைப் பட்டை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதுமாம். முன்பு கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் போனால் பதில் வர நாளாகும். இது உலை கொதிக்கிற நேரத்துக்குள் வீட்டிலேயே சொல்லிவிடுமாம். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால் மலேரியா.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் அத்தை விடவில்லை. “ரெண்டு கோடா? ஏப்பா அலியாரு, மூணு வயசுப் பயலுக்கு மசக்கையான்னு பாக்கப் போறியா?”

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் அவர் ஊசியை எடுத்ததும் குறுக்கே நின்றாள். “ஆத்தா இருக்கிற உடம்புல ஊசி படலாமா? அவ கோவிச்சா நீங்களா எம்பிள்ளையத் தருவீக?”

“ஒருநா விட்டு ஒருநா நடுங்குறான். எனக்கு அம்மையாத் தெரியலக்கா. தள்ளிப் போடாதீக. காலையில வாரேன்.”

போன மாதம் பின்தெருவில் அந்தக் குட்டிப் பாப்பாவுக்கும் இப்படித்தான்... வேண்டாம், எழுத மாட்டேன்.

சாயங்காலம் அம்மா சொன்னாள், “பூக்கட்டி ஆத்தாகிட்டயே கேப்போம். வெள்ளை வந்தா ஊசி. செவப்பு வந்தா வேணாம். சோலை, ரெண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமா நீ கட்டு, தம்பி ஒண்ண எடுக்கட்டும். நான் பாக்கக் கூடாது.”

செவப்பு வந்துட்டா? ஆண்டி என்ன ஆவான்?

28.3, வெள்ளி

செய்துவிட்டேன்.

இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டை. செவ்வரளியைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். ஆத்தா, கோபம் வந்தால் என்மேல் வா, அவன்மேல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கட்டினேன். ஆண்டி மிட்டாய் என்று நினைத்து ஒன்றைப் பிடித்தான். வெள்ளை! நான் மற்றதை எடுப்பதற்குள் அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அலியார் அண்ணன் விரலில் குத்தினார். வீல் என்று ஒரே கத்தல். பட்டையில் ரத்தத்தை வைத்து மருந்துநீர் விட்டார். சிவப்பு ஊறி ஊறி நகர்கிறது. ஒரு கோடு. அதோடு நின்றுவிடுமோ? அப்புறம், பென்சிலால் லேசாக இழுத்தது போல —

“விழுந்துருச்சு! ரெண்டாவது விழுந்துருச்சு!” என்று குதித்தேன். தம்பிக்கு மலேரியா என்றால் இப்படியா குதிப்பார்கள்? ஆனால் மலேரியாவுக்கு மாத்திரை இருக்கிறதே! சர்க்கரையில் குழைத்துக் கொடுத்தார். துப்பினான். மறுபடி கொடுத்தார். ஆஸ்பத்திரியிலும் காட்டிவிட்டு வந்தோம்.

அந்தப் பொட்டலம் இன்னும் அம்மாவிடம்.

29.3

பிரிச்சுப் பாத்திருப்பாளோ? கேக்கவும் பயமா இருக்கு.

1.4, செவ்வாய்

நடுங்க வேண்டிய நாள் வந்தது, நடுக்கம் வரவில்லை! ஆண்டி தெருவில் கோழி துரத்துகிறான். அம்மா தாளித்தாள், வீடெல்லாம் கடுகு வாசம்.

அவள் முந்தானையில் முடிச்சைக் காணவில்லை. எப்போது அவிழ்த்தாள்?

9.4

வெள்ளையம்மாள் அத்தையின் பேரனுக்குக் காய்ச்சல், நடுக்கம். அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். இன்று கேலி இல்லை. “ராக்கு, அலியாரு வந்துருக்கான். ஆத்தாவா இருந்தா என்ன செய்ய? பூக்கட்டிக் கேட்டுட்டுத்தான ஊசி குத்தணும்?”

அம்மா கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

“கேளு மதினி. ஆனா பூவ நம்ம சோலை கட்டட்டும். அவளுக்கு ராசியான கை.”