திரை ஓரத்தில் முட்டிய அம்புக்குறி

4 மார்ச் 2003, செவ்வாய்
இன்னும் அதே தொல்லை. எங்கள் கட்டட வரைபட மென்பொருளில் மவுஸை இழுத்து வீட்டைத் திருப்பினால், அம்புக்குறி திரை ஓரத்தில் முட்டியதும் வீடும் பாதியில் நின்றுவிடுகிறது. விண்டோஸில் சரிசெய்தால் லினக்ஸில் துள்ளுகிறது. இரண்டிலும் ஓடியாக வேண்டும் என்கிறார் முதலாளி கருப்பணன் சார்.

11 மார்ச்
முடிந்தது! ஒவ்வோர் அசைவுக்குப் பிறகும் அம்புக்குறியைத் திரையின் நடுவுக்கே கொண்டுவந்துவிட்டேன். அப்படி நாமே நகர்த்துவதையும் கணினி ஓர் அசைவாக எண்ணிக்கொள்கிறது. அதைக் கழித்துவிட்டால் போதும். வீடு நிற்காமல் சுற்றியது. பக்கத்து இருக்கை ஆனந்த்ராஜ், "எப்படி செல்வி? எனக்கும் சொல்லித் தா" என்றான். வரிவரியாகச் சொல்லித் தந்தேன்.

14 மார்ச்
சென்னையிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஆனந்த்ராஜ்தான் ஓட்டிக் காட்டினான். "நான் எழுதுனதுதான் சார்." நான் பின்னால்தான் நின்றிருந்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவனை ஆறு மாதம் அவர்களுடைய சென்னை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்களாம். எழுதியது நான்தான் என்று சாரிடம் போய்ச் சொன்னேன். "யாரு எழுதுனா என்னம்மா? நாளைக்கே கல்யாணமாகிப் போற புள்ள, நீயா மெட்ராஸுக்குப் போகப்போற?"

போவேன் சார். இங்கேதான் எழுத முடிகிறது.

20 மார்ச்
ஒரே கணினியில் இரண்டு திரைகளை மாட்டிப் பார்த்தேன். நான் நடு என்று எடுத்தது முதல் திரையின் நடு. வீடு இரண்டாவது திரையில் இருந்தால், அம்புக்குறி அதை விட்டுவிட்டு முதல் திரைக்கு ஓடிவிடுகிறது. வீடு அப்படியே உறைந்துவிடுகிறது. சென்னை அலுவலகத்தில் எல்லோருக்கும் இரண்டு திரைகள்.

ஆனந்த்ராஜ் ஞாயிறு கிளம்புகிறான். சொல்லணுமா? எதுக்குச் சொல்லணும்? அவன் எழுதுனதுதானே!

2 ஏப்ரல்
அங்கே பெரிய அதிகாரிகள் முன்னால் வீடு உறைந்துவிட்டதாம். மூன்று நாள் தேடியும் அவனுக்குப் பிடிபடவில்லை. அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "செத்த நேரம் நீ பாரும்மா" என்றார் சார். பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். "இம்புட்டுத்தானா!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன்.

7 ஏப்ரல்
சென்னைக்கு இனி நான்தான். ஆனந்த்ராஜுக்கு வேலை போய்விட்டது. மேசையைக் காலிசெய்ய வந்தான். யாரும் அவனோடு பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நான் கூடப் போனேன்.

"உன் உழைப்பத் திருடுனவன் நான். நீ மட்டுந்தான் செல்வி, எனக்கு ஒரு கெடுதலும் நினைக்கல" என்றான்.

அவன் ஊருக்குப் போகும் வடமதுரை பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. இரண்டு திரை விஷயம் முன்னமே தெரியும் என்று அப்போதும் நான் சொல்லவில்லை.