ஸ்டீயரிங்கை விட்டுக் கும்பிட்டார்

வெள்ளிக்கிழமை, இரவு.

லாரி ஓட்டப் பழக்குகிற எங்கள் சிமுலேட்டருக்கு இன்று பூஜை. அதை வாங்க வந்த நாமக்கல் லாரி ஓனரை எங்கள் முதலாளி அதன் சீட்டில் உட்கார வைத்தார். டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்குமே, அந்த இழுப்பைக் கொண்டுவர மாசக்கணக்கில் மாரடித்திருக்கிறேன். பிடித்துப் பார்த்தவர், "நெச லாரியாட்டமே இழுக்குதுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கற்பூரத் தட்டு வந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். பிடி விட்டதும் ஸ்டீயரிங் தானாக இடமும் வலமும் உதறி, அதில் போட்டிருந்த பூஜை மாலையைத் தட்டின் மேலேயே வீசிவிட்டது. நான் சோதித்தபோதெல்லாம் இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்த ஆட்டத்தை என் கைதான் அடக்கியிருக்கிறது.

"ஒரு வாரம் குடுங்க சார், இழுப்பு குறையாமச் சரி பண்ணிர்றேன்" என்றேன்.

"இழுப்பைக் கொறைச்சுடு சாமி, ஆடாது" என்றார் முதலாளி.

குறைத்தேன். ஆடவில்லை. டயர் வெடித்தாலும் இப்போது தோசை மாவு கலக்குகிற மாதிரிதான் இருக்கிறது.

"இப்பத்தானுங்க சாதுவா இருக்குது" என்று ஓனர் ஆர்டர் கொடுத்துவிட்டார். முதலாளி என் முதுகில் தட்டினார். கேசரி கொடுத்தார்கள்.

இதில் பழகுகிறவன் அந்த இழுப்பை முதன்முதலாகப் பார்க்கப்போவது ரோட்டில்தான்.